கால் பிடித்துவிடலாம், காலைப் பார்த்து நோய் சொல்லலாமா?

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ‘ரிஃப்ளெக்ஸாலஜி’ எனப்படும் பாத அழுத்த சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, நமது மகப்பேறு மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எனக்கு இது ஏழாம் மாதம். மாலையானால் இரண்டு பாதங்களும் வீங்கிக் கொலுசு இறுகிவிடுகிறது. பாத அழுத்த சிகிச்சையைப் பத்து முறை செய்துகொண்டால் ‘சிறுநீரகப் புள்ளி’ தூண்டப்பட்டு நீர் வடிந்துவிடும் என்று எங்கள் பகுதியில் உள்ள ஒரு நிலையத்தில் சொல்கிறார்கள். நம்பிப் போகலாமா?
*– வாசகி, சேலம்*

முதலில் கொலுசைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு, அந்த நிலையத்துக்குப் போவதற்கு முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் மருத்துவரிடமோ சென்று இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. வளரும் கருப்பை, கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. அதனால் பகலெல்லாம் நின்று வேலை செய்தவருக்கு மாலையில் பாதம் வீங்குவதும், இரவு படுத்து எழுந்தால் வற்றிப்போவதும் இயல்பே. ஆனால் காலையிலும் வீக்கம் வற்றாமல் இருந்தால், முகமும் கைவிரல்களும் சேர்ந்து ஊதினால், தீராத தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ உடன் வந்தால், அது கர்ப்ப கால இரத்தக் கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். இருபதாவது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டினால் நாங்கள் அதை அலட்சியப்படுத்துவதில்லை. அந்த நிலையில் பாதத்தின் எந்தப் புள்ளியை அழுத்தினாலும் கொதிப்பு குறையாது. பத்து முறை போய்வருவதற்குள் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து முற்றிவிடக்கூடும்.

இனி அந்தச் ‘சிறுநீரகப் புள்ளி’யைப் பற்றிச் சொல்கிறேன். எகிப்தின் சக்காராவில் உள்ள ஒரு பழங்காலக் கல்லறையில் கையையும் காலையும் பிடித்துவிடும் ஓவியம் இருப்பதைக் காட்டி, இது ஐயாயிரம் ஆண்டு மருத்துவம் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. காலைப் பிடித்துவிடும் பழக்கம் பழையதுதான். நிலையங்களின் சுவரில் தொங்கும் பாத வரைபடமோ அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடலை நீளவாக்கில் பத்து மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்கும் கருத்தை 1917இல் நூலாக வெளியிட்டார். இயன்முறைச் சிகிச்சையாளரான யூனிஸ் இங்கம் 1930களில் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, விரல்களில் தலை, நடுப்பாதத்தில் வயிறு, குதிகாலில் இடுப்பு என்று வரைபடமாக்கினார். பாதத்தின் ஒரு புள்ளியையும் சிறுநீரகத்தையும் இவர்கள் சொல்லும் விதத்தில் இணைக்கும் நரம்பையோ குழாயையோ உடற்கூறு அறிவியல் இன்றுவரை கண்டதில்லை. ஒரு பள்ளியின் வரைபடமும் இன்னொரு பள்ளியின் வரைபடமும் பல இடங்களில் ஒத்துப்போவதுமில்லை.

அதுவரை வந்திருந்த ஆய்வுகளை மாற்று மருத்துவ ஆய்வாளரான எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009இல் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பயனுள்ள சிகிச்சை என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார். ஆஸ்திரேலிய அரசும் இத்தகைய முறைகளை மறுஆய்வு செய்து, 2019 ஏப்ரல் முதல், அரசு மானியம் பெறும் தனியார் மருத்துவக் காப்பீட்டிலிருந்து இதை நீக்கியது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வும் அதே நாட்டில்தான் நடந்தது. பிரசவ நாள் நெருங்கிய நிலையில் பாதம் வீங்கியிருந்த 55 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2003இல் வெளியான அந்த ஆய்வில், பாத அழுத்த சிகிச்சை பெற்றவர்களுக்கும் வெறுமனே ஓய்வெடுத்தவர்களுக்கும் கணுக்கால் சுற்றளவு குறைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் தங்களுக்கு இதமாக இருந்ததாகச் சொன்னார்கள். அந்த இதத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரத்த அழுத்தமும் சிறுநீரும் சரியாக இருந்து, இதத்துக்காகப் போவதாக இருந்தால் போய்வாருங்கள். நீர் வடியும் என்று நம்பிப் பத்து முறைக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, உட்காரும்போது கால்களை உயர்த்தி வைப்பது, பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பது, சிறிது நடப்பது ஆகியவை இயல்பான வீக்கத்துக்குப் போதும். பார்லிக் கஞ்சி குடிப்பதில் தவறில்லை. ஆனால் வீக்கத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது தவறு.

ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறேன். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் அழுத்தினால் கரு தங்காது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். சென்ற ஆண்டு எனக்குக் கரு கலைந்தது. அப்போது என் கணவர் தினமும் இரவில் எனக்குக் கால் பிடித்துவிடுவார். அதுதான் காரணமோ என்று நினைத்து உறக்கமே வருவதில்லை. அவரிடமும் சொல்லவில்லை.
*– வாசகி, பொள்ளாச்சி*

அது காரணமில்லை அம்மா. இன்றே இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி, நீங்கள் நினைத்ததையும் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று மாதங்களில் கலைந்துபோகும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் ஏற்படும் பிழை. தாய் மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி ஒரு துண்டு தின்றதாலோ கணவர் கால் பிடித்ததாலோ அந்தப் பிழை வருவதில்லை.

காணொளியில் சொல்லும் இடம், உள் கணுக்காலின் முனையிலிருந்து நான்கு விரற்கடை மேலே, கீழ்க்கால் எலும்பின் பின்னோரத்தில் இருக்கிறது. சீன அக்குபங்சர் மரபில் அதற்குச் சான்யின்ஜியாவ் என்று பெயர். அது கருப்பையைத் தூண்டும் என்பது அம்மரபின் நம்பிக்கை. ஆகவே கர்ப்பிணிகளுக்கு அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள். ரிஃப்ளெக்ஸாலஜி செய்பவர்களும் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிரசவ நாள் நெருங்கி, கருப்பை வலிக்குத் தயாராக இருக்கும் பெண்களுக்கு, வலி வரட்டும் என்றே இந்த இடத்தை அழுத்திப் பார்த்த ஆய்வுகளிலேயே உறுதியான பலன் கிடைக்கவில்லை. தயாரான கருப்பையையே நம்பகமாக அசைக்காத அழுத்தம், தூங்கும் முன் அன்போடு கால் பிடிக்கும்போது விரல் பட்டதால் கருவைக் கலைத்துவிட்டது என்று எண்ண இடமில்லை.

மனநிம்மதிக்காக அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பிடித்துவிடச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் முடியும் வரை நிலையங்களில் சிகிச்சை செய்துகொள்ளாமல் இருப்பதும் நல்லதே. அதனால் கேடு வரும் என்பதற்குச் சான்று இருப்பதால் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் தற்செயலாக ஏதேனும் நேர்ந்தால், உங்களைப் போலவே பலர் ஆண்டுக்கணக்கில் அதன்மீது பழி போட்டு வருந்துகிறார்கள். இரத்தப்போக்கோ வயிற்று வலியோ இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

புடைப்புகள் உள்ள அக்குபிரஷர் செருப்பு அணிந்து நடந்தால் சுகப்பிரசவம் ஆகுமா? பூங்காவில் உள்ள கூழாங்கல் பாதையில் நடக்கலாமா?
*– வாசகி, திருச்சி*

ஆகும் என்பதற்கு ஆதாரமில்லை. வயிறு முன்னே தள்ளியிருக்கும் காலத்தில் உடலின் சமநிலை மாறி, மூட்டுகளும் தளர்ந்திருக்கும். அந்தச் செருப்பிலும் கூழாங்கல்லிலும் கால் இடறி விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பக்கத்தில் இருக்கும் சமதளப் பாதையில், பின்வார் வைத்த தட்டையான செருப்போடு நடங்கள்.

நாற்பது வாரம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. 41 வாரம் ஆனதும் வந்து சேர்ந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி மருந்து இல்லாமல் வலி வர, பாத அழுத்த சிகிச்சை செய்துகொண்டு இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா?
*– வாசகி, நாகர்கோவில்*

கடிதம் எங்களுக்குக் கிடைத்த அன்றே இவருக்குப் பதில் அனுப்பிவிட்டோம். இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனை குறித்த நாளைத் தள்ளிப்போடக் கூடாது. 41 வாரத்தைக் கடந்தபின் நாள் செல்லச் செல்ல, பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறக்கும் ஆபத்து சிறிது சிறிதாகக் கூடுகிறது. அதனால்தான் நாள் குறிக்கிறார்கள். அக்குபங்சரையும் அக்குபிரஷரையும் கொண்டு வலி வரவழைக்க முயன்ற ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு, அவற்றால் அறுவை சிகிச்சை குறைந்ததாகத் தெரியவில்லை என்றே முடிவு சொன்னது. குறித்த நாளுக்கு முன்பாக, பதற்றம் தணிவதற்காகக் காலைப் பிடித்துவிடச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. விளக்கெண்ணெய் குடித்து வலி வரவழைக்கும் பழைய வழியை மட்டும் நாடாதீர்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகச் சோர்ந்துபோய்ப் பிரசவ அறைக்கு வருபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் 41ஆவது வாரம் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அப்போதே கிளம்ப வேண்டும்.

வலி தொடங்கியபின் தொடுகைக்கு ஓரளவு பயன் இருக்கிறது. பிரசவத்தின் முதல் கட்டத்தில் முதுகின் அடிப்பகுதியைத் தேய்த்துவிட்டால் வலி சற்றுக் குறைந்ததாக உணர்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஆய்வுகளின் தரம் உயர்வானதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடனிருக்கும் அம்மாவோ அக்காவோ இடுப்பைத் தேய்த்துவிடுவதற்கு வரைபடம் எதுவும் தேவையில்லை.

என் மனைவிக்கு எட்டாம் மாதம். வீட்டிலேயே நான் கால் பிடித்துவிட விரும்புகிறேன். எப்படிச் செய்வது?
*– வாசகர், மதுரை*

இந்தக் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். அவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். இந்த மாதத்தில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாய்மீது விழுந்து தலைசுற்றல் வரும். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரட்டும். இல்லையேல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். தொடங்கும் முன் இரண்டு கால்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, ஓரிடம் சிவந்து சூடாக இருந்தாலோ அன்று தொடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். புடைத்த நரம்புச் சுருள்கள்மீதும் புண்மீதும் அழுத்தக் கூடாது.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு தேக்கரண்டி போதும். வலி நிவாரணத் தைலங்களிலும் டைக்ளோஃபெனாக் போன்ற களிம்புகளிலும் உள்ள மருந்துப் பொருள்கள் கர்ப்பத்தின் பிற்பாதியில் உகந்தவை அல்ல; மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம். பாதத்தை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே சிறிது நேரம் வெறுமனே பிடித்திருங்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு அதனாலேயே கூச்சம் அடங்கிவிடும். பிறகு பெருவிரலால் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மெதுவாக உருவி, ஒவ்வொரு விரலையும் பிடித்து லேசாகச் சுழற்றி, கணுக்காலைச் சுற்றி உள்ளங்கையால் வருடிவிடுங்கள். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்குமேல் அழுத்தம் தேவையில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தால் அளவு தானே தெரிந்துவிடும். முட்டியால் குத்துவது, குச்சியால் அழுத்துவது, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது எதுவும் வேண்டாம். காலுக்குப் பத்து நிமிடம் செய்தால் நிறைவாக இருக்கும். முடிந்ததும் உள்ளங்காலில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு அதன் பிறகே எழுந்து நடக்க விடுங்கள். பளிங்குத் தரையில் எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.

நடுஇரவில் ஆடுசதையில் குரக்கு வலி பிடித்து அவர் அலறி எழுந்தால், முழங்காலை நீட்டி வைத்து, கால்விரல்களை அவர் முகத்தை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். சதை தளர்ந்தபின் தடவிக்கொடுங்கள்.

அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மூன்று நாளாக இடது ஆடுசதை மட்டும் வலிக்கிறது. வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. வாயு என்று சொல்லி அம்மா விளக்கெண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறார். பாத அழுத்த சிகிச்சை செய்பவரை வீட்டுக்கு வரவழைக்கலாமா?
*– வாசகி, கடலூர்*

இவரையும் அன்றே தொடர்புகொண்டு, தேய்ப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லும்படி சொன்னோம். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் பிள்ளை பெற்ற வீட்டார் படிக்க வேண்டும்.

கர்ப்ப காலத்திலும், அதைவிடக் கூடுதலாகப் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களிலும் பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கிறது. பிரசவத்தில் இரத்தம் வீணாகாமல் இருக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அசையாமல் படுத்திருப்பவருக்குக் காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தக்கட்டி உருவாக அது வழிசெய்துவிடுகிறது. வலது தொடைக்குச் செல்லும் தமனி இடது காலின் சிரையைக் குறுக்கே அழுத்துவதால், கர்ப்பம் சார்ந்த இரத்தக்கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது. அப்படிப்பட்ட காலைத் தேய்த்து உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும், உயிருக்கே ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் கட்டி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால் ஹெப்பாரின் வகை ஊசி போடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டே குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இரத்தம் கலந்த இருமல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே 108ஐ அழைக்க வேண்டும்.

தாய் வீட்டில் கால் பிடித்துவிடும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு கால்களும் ஒன்றுபோல் இருந்தால், வெறும் அசதிக்காக மென்மையாகப் பிடித்துவிடலாம். ஆனால் பச்சை உடம்பு என்று சொல்லி நாள் முழுவதும் படுக்கையிலேயே வைத்திருக்காமல், அவ்வப்போது வீட்டுக்குள் நடக்கவிட வேண்டும். கொதிப்பு நோய் பிரசவத்தோடு போய்விட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம்; ஆறு வாரத்துக்குள் கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்தால் அப்போதும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

பால் சுரப்பு குறைவாக இருக்கிறது. பாத விரல்களுக்குக் கீழே உள்ள ‘மார்புப் புள்ளி’யை அழுத்தினால் பால் ஊறும் என்கிறார்கள். உண்மையா?
*– வாசகி, தஞ்சாவூர்*

சிறு ஆய்வுகள் சில அப்படிச் சொல்வதுண்டு. முடிவு கட்ட அவை போதா. பால் ஊறுவது குழந்தை சப்பும் அளவைப் பொறுத்தது. முதல் வாரங்களில் ஒரு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மார்க்காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் குழந்தை கவ்வுகிறதா என்று செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். குறைவு என்று கவலைப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் குறைவே இருப்பதில்லை.

பதற்றமும் வலியும் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பதால், பால் கொடுப்பதற்கு முன்பு யாரேனும் பத்து நிமிடம் காலையோ தோளையோ பிடித்துவிட்டால் பால் எளிதாக இறங்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் புள்ளியில் விரல் பட்டது என்பது முக்கியமில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் பிடித்தால் சாப்பிடுங்கள்.

பிள்ளை பெற்று ஒரு மாதமான என் தங்கை எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறாள். குழந்தையைத் தூக்கவும் மனமில்லை. பாத அழுத்த சிகிச்சை மனச்சோர்வை நீக்கும் என்று படித்தேன்.
*– வாசகி, வேலூர்*

பிள்ளை பிறந்த மூன்றாம் நாளை ஒட்டி வரும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். ஒரு மாதமாகியும் தணியாமல், குழந்தையிடம் நாட்டமும் இல்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய். பேச்சு சிகிச்சையாலும், தேவைப்பட்டால் பால் கொடுக்கும்போதும் உட்கொள்ளத்தக்க மருந்துகளாலும் குணமாகும். கால் பிடித்துவிட்டால் அன்றிரவு சற்று நன்றாகத் தூங்கக்கூடும். நோய் அப்படியே இருக்கும். மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். ‘செத்துவிடலாம்’, ‘குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ’ என்ற பேச்சு வந்தாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, அவளையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ரிஃப்ளெக்ஸாலஜியில் மூன்று மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்குச் செய்யலாமா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

இந்தத் துறைக்கென்று நம் நாட்டில் சட்டப்படியான பதிவுக் கவுன்சில் எதுவும் இல்லை. ஆகவே உங்கள் சான்றிதழ் சிகிச்சை அளிக்கும் உரிமையாகாது. சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரி போன்றவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பை முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர்களின் மேற்பார்வையில் வேலை செய்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

தனியே செய்வதானால், வருபவரின் மகப்பேறு மருத்துவர் சம்மதித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரத்தப்போக்கு, கொதிப்பு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், முன்பு இரத்தக்கட்டி வந்திருத்தல், குறைமாதத்தில் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்து ‘கருப்பை பலவீனமாக இருக்கிறது’, ‘சிறுநீரகத்தில் அடைப்பு இருக்கிறது’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குப் போகும் பெண் பத்து நாள் சாப்பிடமாட்டாள். அல்லது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நம்பி ஸ்கேனுக்குப் போகமாட்டாள். உங்கள் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்த தேதிக்கும் அளவுக்கும் ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அதை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லிவிட்டுப் பிறகு காலைத் தொடுங்கள்.